கூட்டின் இடத்தை இபேர்டிடம் சொல்லலாமா?

கைவிட்ட கல்குவாரி ஒன்றின் பாறை விளிம்பில் கொம்பன் ஆந்தை அடைகாக்கிறது. கூடு என்று எதையும் அது கட்டுவதில்லை. வெறும் மண்ணில், சற்றே குழிந்த இடத்தில் முட்டைகள் கிடக்கும். பகலில் ஆள் நெருங்கினால் தாய் எழுந்து பறக்கும். பறந்த மாத்திரத்தில் காகங்கள் கூடிக்கொண்டு விரட்டும். அது திரும்பி வரும்வரை முட்டைகள் வெயிலில் காயும். இதைப் பார்த்த ஒருவர், பார்த்த பறவைகளைப் பதிவிடும் இபேர்ட் செயலியைத் திறந்து இனத்தின் பெயரைத் தட்டுகிறார், எண்ணிக்கை போடுகிறார், "குவாரியின் வடக்குச் சுவர், இரண்டாவது படி, கூட்டில்" என்று குறிப்பும் எழுதி அனுப்பிவிடுகிறார். அந்தக் குறிப்பை இனி யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த இனம் இபேர்டின் பாதுகாப்புப் பட்டியலில் இல்லையென்றால், செயலி அவரை ஒரு வார்த்தைகூடக் கேட்காது.

அரிய பறவைகளின் இடத்தைச் சொல்லலாமா கூடாதா என்று பறவை நோக்கர்களிடையே நடக்கும் சண்டையில் பாதி இந்தச் சேவையைச் சுற்றித்தான் நடக்கிறது. அதனால் இபேர்டை இந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கடத்தல்காரர்கள் குறிவைக்கும் இனங்களை இபேர்ட் நன்றாகவே காக்கிறது. சாதாரண இனத்தின் கூட்டையும் தங்குமிடத்தையும் காக்கும் வேலையைப் பயனர் தலையில் விட்டுவிடுகிறது. அந்த வேலைக்கான கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவை முரடானவை, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இபேர்ட் 2002-ல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் சேர்ந்து தொடங்கியது. இணையதளமும் செயலியும் இலவசம். செயலி சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். இந்தியாவில் இதைப் பரவலாக்கியது பேர்ட் கவுன்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு. தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதில்தான் பதிவாகிறது. 'இடத்தைச் சொல்லவே கூடாது' என்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டு, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. அதற்கு அடிப்படை, சுமார் 30,000 பேர் இபேர்டில் போட்ட 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். ஏரியை நிரப்ப வருபவர்களிடம் 'இங்கே இன்னின்ன பறவைகள் வருகின்றன' என்று காட்டக் கையில் இருப்பதும் இதே பதிவுகள்தான். பயந்துபோய் எல்லோரும் பூட்டி வைத்துக்கொண்டால், காப்பாற்ற வேண்டிய இடம் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போகும்.

ஒரு பதிவு எப்படி வெளியே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் பேசிப் பயனில்லை. முதல் வாய்க்கால், அரிய பறவை அறிவிப்பு. ஒரு நாட்டுக்கோ மாநிலத்துக்கோ மாவட்டத்துக்கோ யார் வேண்டுமானாலும் பதிவுசெய்துகொள்ளலாம். மணிக்கு ஒருமுறை அல்லது நாளுக்கு ஒருமுறை மின்னஞ்சல் வரும். மதிப்பாய்வாளர் இன்னும் சரிபார்க்காத பதிவும் 'உறுதிசெய்யப்படாதது' என்ற குறிப்போடு இதில் போய்விடும். 'எப்படியும் மதிப்பாய்வு முடியக் கொஞ்ச நாளாகும், அதற்குள் மாற்றிக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். போன மின்னஞ்சலைத் திரும்ப வாங்க முடியாது. பிறகு பட்டியலை (ஒரு நடையில் பார்த்த பறவைகளின் பதிவை) திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம், படித்தவர் கிளம்பியிருப்பார்.

இரண்டாவது, இனவாரி வரைபடம். பெரிதாக்கப் பெரிதாக்கப் பதிவு நடந்த இடமே முள்ளாக, அதாவது குத்திவைத்த குறியாக, தெரியும். கடைசி 30 நாள் பதிவு என்றால் சிவப்பு, பழையதென்றால் நீலம். மூன்றாவதுதான் அதிகம் பேரைச் சறுக்கி விழவைப்பது: 'தனிப்பட்ட இடம்' என்ற பெயர். ஹாட்ஸ்பாட் (எல்லோரும் பயன்படுத்தும் பொதுப் பறவை நோக்கு இடம்) அல்லாமல் நாமே குறித்த இடத்தை இபேர்ட் அப்படி அழைக்கிறது. அது தனக்கு மட்டும் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. மற்றவர்கள் அந்த இடத்தைத் தங்கள் பட்டியலுக்குத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதே அதன் பொருள். வரைபடத்தில் அது எல்லோருக்கும் தெரியும், அதுவும் ஹாட்ஸ்பாட்டைவிடத் துல்லியமாக. பெயரை 'அநாமதேயர்' என்று காட்டும்படி அமைத்துக்கொள்வதும் இப்படித்தான். பெயர் மறையும், இடம் மறையாது.

நான்காவது, நாமே எழுதுவது. குறிப்புகள் பொதுவில் தெரியும். கூடு இருப்பதைச் சொல்லும் இனப்பெருக்கக் குறியீடும் தெரியும். படத்தின் ஓரத்தில் கோயில் கோபுரமோ கைப்பேசிக் கோபுரமோ பாலத்தின் எண்ணோ விழுந்திருந்தால், உள்ளூர்க்காரருக்கு அது போதும்.

இப்போது இபேர்டின் பூட்டைப் பார்க்கலாம். 2017-ல் 'பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனங்கள்' என்று ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார்கள். அதில் உள்ள இனத்தை ஒருவர் பதிவிட்டால், அவர் கணக்கில் அது முழுமையாக இருக்கும். மற்றவர்களுக்கோ அவர் அனுப்பிய பட்டியலில் அந்த வரியே தெரியாது, அறிவிப்பிலும் வராது, வரைபடத்தில் 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் கட்டமாக மட்டுமே தெரியும். 400 சதுர கிலோமீட்டரில் ஒரு மரத்தைத் தேடி எவரும் போக முடியாது. அதே சமயம் இனம் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்பது மறைவதில்லை. இந்த அளவைத் தேர்ந்தது சரியான முடிவு.

பட்டியலில் யார் என்று பார்த்தால் நோக்கம் புரியும். தென்கிழக்கு ஆசியாவின் தலைக்கவச இருவாச்சி இருக்கிறது. அதன் அலகின் மேலுள்ள கொண்டை உள்ளே கெட்டியானது. தந்தம்போல் செதுக்கி விற்பதற்காகச் சுடுகிறார்கள். வைக்கோல் தலைச் சின்னான் இருக்கிறது. பாட்டுக்காகப் பிடித்துப் பிடித்தே பல இடங்களில் காட்டைக் காலிசெய்துவிட்டார்கள். இவற்றைத் தேடுபவன் காசுக்காகத் தேடுகிறான், வரைபடம் கிடைத்தால் பயன்படுத்துவான். இங்கே பூட்டு தேவை, அது நன்றாக வேலை செய்கிறது. இனத்துக்கும் வட்டாரத்துக்கும் ஏற்பப் பூட்டு மாறுவதும் நல்லது. ஓரிடத்தில் ஆபத்தில் உள்ள இனம் வேறிடத்தில் திறந்தே இருக்கலாம்.

குறை எங்கே என்றால், பூட்டு இனத்துக்கு விழுகிறது, பதிவுக்கு விழுவதில்லை. ஆபத்தோ பெரும்பாலும் பறவை அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆறுமணிக்குருவி வலசையில் தோட்டத்தில் இறங்கி இலைச்சருகைக் கிளறும்போது இடத்தைச் சொன்னால் பெரிய கேடில்லை. அதே குருவி கூட்டில் இருக்கும்போது சொன்னால், தெளிவான படத்துக்காகக் கிளையை ஒடித்து வழி செய்பவர் ஒருவராவது வருவார். ஒடித்த கிளை வழியே வெயிலும் காகமும் உள்ளே வரும். இரண்டும் இபேர்டுக்கு ஒரே இனம், ஒரே மாதிரிப் பதிவு.

சரி, சொல்வதா மறைப்பதா? இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத் தேடுவதால்தான் சண்டை தீரவில்லை. பழைய நிகழ்வுகளை எடுத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. ஸ்காட்லாந்தின் லாக் கார்ட்டனில் 1958-ல் விராலடிப்பான் கூட்டை ரகசியமாகக் காவல் காத்தார்கள். அப்படியும் இரவில் ஒருவன் ஏறி முட்டைகளைக் கொண்டுபோக, அவை உடைந்தன. மறு ஆண்டு பறவைகள் பாதுகாப்புச் சங்கம் இடத்தை வெளிப்படையாக அறிவித்து, தள்ளி ஒரு பார்வைக் கூடம் அமைத்தது. அந்தப் பருவத்தில் சுமார் 14,000 பேர் வந்து பார்த்தார்கள், 3 குஞ்சுகள் பறந்தன. நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தில் 2012-ல் அமுர் வல்லூறுகளை மீன்வலை கட்டி 1 லட்சத்துக்கும் மேல் பிடித்ததாக மதிப்பிட்டார்கள். அது வெளியே வந்ததால்தான் ஊர்மக்களும் அரசும் சேர்ந்து அடுத்த ஆண்டே நிறுத்தினார்கள். இரண்டு இடத்திலும் கெடுப்பவனுக்கு இடம் ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருந்தது காப்பவர்களுக்குத்தான். அங்கே ரகசியத்தால் ஒரு பயனும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் இராக்கிளி இதற்கு நேர்மாறு. 2013-ல் மேற்குக் குயின்ஸ்லாந்தில் அது படமாகப் பதிவானபோது இடத்தை மறைத்தார்கள். 2016-ல் அந்த நிலம் புல்லன் புல்லன் காப்பிடமாக மாறியது. தரையோடு ஒட்டி வாழும் அந்தப் பறவையின் இடம் வெளியே எவருக்கும் தெரியாது. அதைச் சொல்வது வழிகாட்டுவதாகத்தான் ஆகியிருக்கும். மூன்றாவது வகை, வழி தவறி வந்த விருந்தாளிப் பறவை. 1989 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டம் லார்க்ஃபீல்டில், டெஸ்கோ அங்காடியை ஒட்டிய குடியிருப்பில், அமெரிக்கப் பொன்சிறகுக் கதிர்க்குருவி ஒன்றைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அதற்கு அங்கே கூடும் இல்லை, குஞ்சும் இல்லை. அங்கே காக்க வேண்டியிருந்தது வீட்டுக்காரர்களின் வேலியையும் பொறுமையையும்தான்.

ஆக, பதிவை அனுப்புமுன் கேட்க வேண்டியவை இரண்டு. கெடுக்கக்கூடியவருக்கு இந்த இடம் ஏற்கெனவே தெரியுமா? இந்தப் பறவை அடுத்த மாதமும் அடுத்த ஆண்டும் இங்கேயே இருக்குமா?

இரண்டாவது கேள்வியை இபேர்டோடு பொருத்தினால் நடைமுறை கிடைக்கிறது. அறிவிப்புப் பக்கம் கடைசி 7 நாள் பதிவுகளைத்தான் காட்டும். எனவே வந்து போகும் பறவைக்குத் தாமதம் போதும். எட்டு நாள் கழித்து அனுப்பினால் அறிவிப்பில் வராது. வரைபடத்தில் அதன் முள் நிற்கும், பறவை அங்கே இருக்காது. செயலியில் பட்டியலை முடித்த பிறகு அனுப்பாமல் விட்டால் அது கைப்பேசியிலேயே காத்திருக்கும். நேரமும் எண்ணிக்கையும் களத்திலேயே பதிந்துவிடுவதால் தரவின் தரம் குறையாது. ஒரு எச்சரிக்கை: அனுப்பாத பட்டியல் அந்தக் கைப்பேசியில் மட்டும்தான் இருக்கும். செயலியை நீக்கினாலோ கைப்பேசி தொலைந்தாலோ பட்டியலும் போய்விடும். தாளில் ஒரு படி எடுத்து வையுங்கள்.

ஆண்டுதோறும் ஒரே இடத்துக்குத் திரும்பும் பறவைக்கு இந்த வழி உதவாது. கொம்பன் ஆந்தை அதே பாறைக்கு வரும். வெண்வயிற்றுக் கடற்கழுகு அதே மரத்துக் கூட்டில் ஆண்டுக்காண்டு சுள்ளி சேர்க்கும். ஆறு மாதம் தள்ளிப் போட்டாலும் நீல முள் அடுத்த பருவத்துக்கு வழி சொல்லும். அங்கே மங்கலாக்க வேண்டியது இடத்தை. இணையதளத்தில் பட்டியல் போடும்போது, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் ஒரு முழு ஊரையோ மாவட்டத்தையோ மாநிலத்தையோ தேர்ந்தெடுக்கும் வழி இருக்கிறது. கூட்டை மட்டும் தனிப் பட்டியலாக, 'தற்செயல்' முறையில் (பறவை நோக்குவதே வேலையாக இல்லாதபோது கண்டதைப் பதியும் வகை), மாவட்டத்தின் பேரில் போடுங்கள். அதுவும் போதாது என்று தோன்றினால் பட்டியலை மறைத்துவிடுங்கள்.

மோயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) இங்கே விதிவிலக்காக நிற்கின்றன. ஆற்றோர நீர்மருது மரங்களில் அவை கூடு கட்டுவது ஊரறிந்த செய்தி. ஆனால் இடம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, நினைத்தபடி யாரும் நுழைய முடியாது. அவற்றைக் கொல்வது கூட்டுக்கு வரும் மனிதர்களைவிட, இறந்த மாட்டின் உடலில் மிஞ்சும் வலிமருந்து. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் என்ற அந்த மருந்து 2006-ல் தடைசெய்யப்பட்டதே பாறுகளின் அழிவைப் பற்றி உரக்கப் பேசியதால்தான். 'மோயாற்றில் பாறு இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த வளைவில் எந்த மரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மறைக்கும் கருவியின் குறைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அனுப்பிய பட்டியலை இணையதளத்தில் திறந்தால், பட்டியலுக்கான கருவிகளில் அதைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கும் தெரிவு இருக்கும். மறைத்தாலும் அது உங்கள் வாழ்நாள் பட்டியலில் எண்ணப்படும். ஆனால் மறைவது முழுப் பட்டியலும். ஒரு கூட்டுக்காக அன்று பார்த்த ஐம்பது இனமும் பொதுப் பார்வையிலிருந்து போய்விடும். கூட்டை மட்டும் பிரித்துத் தனிப் பட்டியலாகப் போட்டு மறைக்கலாம். அப்படிச் செய்தால் மீதிப் பட்டியலில் ஓரினம் விடுபடுகிறது. 'அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் பதிந்தீர்களா' என்ற கேள்விக்கு நேர்மையாக 'ஆம்' சொல்ல முடியாது. 'இல்லை' என்று போடுங்கள். தரவு சற்று மெலியும், அந்த விலையைக் கொடுக்கலாம்.

அடுத்தது பகிர்தல். உடன் வந்தவர்களுக்குப் பட்டியலைப் பகிர்ந்தால் ஒவ்வொருவர் கணக்கிலும் தனிப் படி உருவாகிறது. நீங்கள் உங்களுடையதை மறைத்தாலும் அவர்களுடையது திறந்தே கிடக்கலாம். ஐந்து பேர் போன நடையில் நான்கு பேர் மறைத்து ஒருவர் மறந்தால், யாருமே மறைக்காததற்குச் சமம். கூட்டைப் பார்த்த இடத்திலேயே நின்று, யார் பதிவது, யாருக்குப் பகிர்வது, எப்போது மறைப்பது என்று பேசி முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பகிராமல் இருப்பது இன்னும் நல்லது.

இந்த இடத்தில், எல்லா உயிரினங்களையும் படத்தோடு பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் ஒரு படி மேல். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் இடம் வெளிப்படையா, மங்கலா, முழு மறைவா என்று பயனரே தேர்ந்தெடுக்கலாம். மங்கல் என்றால் 0.2 பாகைக்கு 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைப் போட்டுக் காட்டும்; நிலநடுக்கோட்டருகே அது சுமார் 22 கிலோமீட்டர் அகலம். தேதியும் மற்றவர்களுக்கு மாத அளவில்தான் தெரியும். அதிலும் ஓட்டை உண்டு: அதே காலையில் அதே பாதையில் எடுத்த பூச்சிப் படங்களைத் திறந்த இடத்தோடு போட்டால், மங்கலாக்கிய பறவை எங்கே என்று ஊகிக்கலாம். ஆனாலும் பதிவுக்குப் பதிவு முடிவெடுக்கும் இந்த வசதிதான் இபேர்டில் இல்லாதது. இத்துடன், 'இந்தப் பதிவை இன்ன தேதிக்குப் பிறகு காட்டு' என்ற ஒரு கட்டமும் இபேர்டுக்கு வேண்டும். இனப்பெருக்கக் குறியீட்டைத் தட்டியதும் 'இப்போதே காட்டலாமா?' என்று செயலி கேட்டால் பாதித் தவறுகள் நடக்காது. கூடு என்று அதற்கு நாமே சொல்லியிருக்கிறோம், கேட்பது கடினமில்லை.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அங்கே போட்டது எங்கெல்லாம் போகும் என்று போட்டவருக்கே தெரியாது. ஒன்று மட்டும்: படமாக அனுப்பினால் படக்கோப்பில் உள்ள இடத்தகவல் நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். தரம் குறையக் கூடாதென்று ஆவணமாக அனுப்புபவர்கள் கூட்டின் இடத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள்.

மறைப்பவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. இபேர்டில் மறைத்துவிட்டு, கேமரா வைத்திருக்கும் நண்பருக்குத் தொலைபேசியில் இடம் சொல்வது பறவைக்குச் செய்யும் பாதுகாப்பு ஆகாது. கூட்டின் முன் கேமரா முக்காலி நிற்பது நின்றுவிடவில்லை. யாருடைய முக்காலி என்பது மட்டும் மாறியிருக்கிறது. புதிதாக வந்த மாணவருக்கு மூடி, பணம் கொடுப்பவருக்குத் திறக்கும் ரகசியத்தால்தான் இளையவர்கள் பொறுமை இழந்து எல்லாவற்றையும் பொதுவில் போடத் தொடங்குகிறார்கள். மறைத்தால் எல்லோருக்கும் மறைக்க வேண்டும், தானும் திரும்பத் திரும்பப் போகக் கூடாது. அந்த இடத்தின் வனத்துறை அலுவலருக்கும் நிலத்துக்காரருக்கும் மட்டும் சொல்ல வேண்டும். குவாரியில் வெடி வைக்க வருபவர்களிடம் பேசக்கூடியவர்கள் அவர்கள்தான்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், ஏரிக்கும் வயலுக்கும் வலசைப் பறவைக்கும் இபேர்டைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். கூட்டுக்கும் பகல் தங்குமிடத்துக்கும், மேலே சொன்ன அமைப்புகளைப் பழகிக்கொண்ட பிறகு பயன்படுத்தலாம். அதுவரை அந்த ஒரு வரியைத் தாளில் வைத்திருங்கள். ஏற்கெனவே போட்டவை இருந்தால், இணையதளத்தில் உங்கள் பட்டியல்களைத் திறந்து, இனப்பெருக்கக் குறியீடு போட்ட பழைய பதிவுகளைத் தேடுங்கள். குறிப்பில் 'கூடு', 'பொந்து', 'மரம்', 'படி' என்று எழுதிய வழிகாட்டல்களை நீக்குங்கள். அருகில் ஹாட்ஸ்பாட் இருந்தால் இடத்தை அதற்கு மாற்றுங்கள், அதற்கும் பொருந்தாததை மறையுங்கள். ஒரு பட்டியலுக்கு இரண்டு நிமிடம் ஆகும். அடுத்த இனப்பெருக்கப் பருவம் தொடங்குமுன் முடித்துவிடுங்கள்.